சுவருக்குள் இருக்கும் சின்ன பாக்ஸில் எத்தனை வயர் வைக்கலாம்?

அமெரிக்காவில் பழைய வீடு வாங்கிக் குடிபோகிற நம்மவர்கள் பலரும் முதல் ஆறு மாதத்துக்குள் சுவிட்சில் கை வைத்துவிடுவார்கள். போனிலிருந்தே விளக்கை அணைக்க ஸ்மார்ட் சுவிட்ச், ஹாலில் டிம்மர், குளியலறையில் மின்சாரம் கசிந்தால் கண் இமைக்கும் நேரத்தில் தானாக அணைந்துகொள்ளும் ஜிஎஃப்சிஐ பிளக். எலக்ட்ரீஷியன் கூலி கையைக் கடிக்கும், அதனால் வீடியோ பார்த்துத் தாங்களே மாட்டிவிடுகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் வேலை முடிந்ததும் சொல்கிற ஒரு வாக்கியம்தான் எனக்கு ஒவ்வொரு முறையும் வயிற்றைக் கலக்கும்: "கொஞ்சம் டைட்டா இருந்துச்சு, அமுக்கினேன், உள்ள போயிடுச்சு."

என் நண்பர் ஒருவரும் அப்படித்தான் அமுக்கினார். 1970களின் கடைசியில் கட்டிய வீடு, படுக்கையறை சுவிட்ச். சுவிட்சுக்குப் பின்னால் சுவருக்குள் இருக்கும் பாக்ஸுக்குள் வயர்களை ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தள்ளி, மிச்சமிருந்த அரை அங்குலத்தை ஸ்க்ரூவைத் திருகியே இழுத்து மூடிவிட்டார். மூன்று வாரம் ஒன்றும் இல்லை. அப்புறம் விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. என்னைக் கூப்பிட்டார், பேனலில் பிரேக்கரை (அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் தானாக அணைந்துகொள்ளும் சுவிட்ச்) அணைத்துவிட்டுக் கழற்றிப் பார்த்தோம். வெள்ளை வயரின் மேலுறை சுவிட்சின் உடம்புக்கும் பாக்ஸின் விளிம்புக்கும் நடுவில் நசுங்கி, நகம் அளவுக்குச் செம்பு தெரிந்தது. பக்கத்தில் இருந்த வயர் நட்டிலிருந்து (வயர் முனைகளைச் சேர்த்து முறுக்கி மூடும் பிளாஸ்டிக் தொப்பிக்கு அதுதான் பெயர்) ஒரு வயர் பாதி வெளியே வந்திருந்தது.

அன்றைக்கு அவர் கேட்ட கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை. "மூடிடுச்சே, அப்புறம் என்ன?"

மூடுகிறதா என்பது கேள்வியே இல்லை

ஊருக்குக் கிளம்பும்போது சூட்கேஸ் கட்டுவதை நினைத்துப் பாருங்கள். மேலே ஏறி உட்கார்ந்து ஜிப்பை இழுத்து மூடிவிடலாம். ஆனால் விமான நிலையத்தில் அவர்கள் ஜிப் மூடியிருக்கிறதா என்று பார்ப்பதில்லை, தராசில் வைக்கிறார்கள். 23 கிலோ என்றால் 23 கிலோதான். மூடுவது வேறு, அனுமதி வேறு.

சுவர் பாக்ஸுக்கும் அதே கதை. ஒவ்வொரு பாக்ஸுக்கும் ஒரு கொள்ளளவு உண்டு, உள்ளே போகும் ஒவ்வொரு பொருளுக்கும் விதி இவ்வளவு இடம் என்று ஒதுக்கியிருக்கிறது. ஒதுக்கீடுகளைக் கூட்டினால் வருவது பாக்ஸின் கொள்ளளவைத் தாண்டக் கூடாது. இந்தக் கூட்டல் கணக்குக்குத்தான் பாக்ஸ் ஃபில் என்று பெயர். இதற்குக் கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும்.

விதி வருவது நேஷனல் எலக்ட்ரிகல் கோடு என்ற புத்தகத்திலிருந்து, சுருக்கமாக என்இசி. 1897இல் முதல் பதிப்பு வந்தது, இப்போது மூன்று வருடத்துக்கு ஒருமுறை திருத்தி வெளியிடுகிறார்கள். அந்தப் புத்தகம் தானாகச் சட்டம் ஆகாது, மாநிலமோ ஊரோ ஏற்றுக்கொண்டால்தான் சட்டம். அதனால் உங்கள் ஊரில் எந்த வருடப் பதிப்பு நடப்பில் இருக்கிறது என்பதை உள்ளூர் கட்டட அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பாக்ஸ் ஃபில் அதில் 314.16 என்ற பிரிவு.

ஏன் இவ்வளவு கறார்?

நிறையப் பேர் நினைப்பது, வயர் நெருக்கமாக இருந்தால் சூடாகும், அதனால்தான் இந்த விதி என்று. பாதிதான் சரி. நல்ல நிலையில் உள்ள வயரில் சூடு கொஞ்சம்தான். அபாயம் இருப்பது இணைப்புகளில்.

வயர்களை வலுக்கட்டாயமாக மடக்கி அமுக்கும்போது என்ன நடக்கிறது? வீட்டு வயரிங்கில் இருப்பது திடமான செம்புக் கம்பி, மடக்கினால் ஸ்பிரிங் மாதிரி திருப்பித் தள்ளும். அந்தத் தள்ளல் முழுவதும் போய் விழுவது வயர் நட்டின் மேலும் சுவிட்சின் ஸ்க்ரூவின் மேலும். இன்றைக்கு இறுக்கமாக இருக்கும் இணைப்பு நாளடைவில் தளரும். இணைப்பு தளர்ந்தால் அங்கே மின்தடை ஏறும். மின்தடை என்பது மின்சாரம் ஓடுவதற்கு வரும் எதிர்ப்பு, ஓம் என்ற அளவில் சொல்வார்கள். நல்ல இணைப்பில் அது இருப்பதே தெரியாது. தளர்ந்த இணைப்பில் வெறும் 0.1 ஓம் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ரூம் ஹீட்டர் ஒன்று அந்த வழியாக 12 ஆம்பியர் இழுக்கிறது. சூடு எவ்வளவு என்றால், ஆம்பியரை ஆம்பியரால் பெருக்கி மின்தடையால் பெருக்க வேண்டும்: 12 × 12 × 0.1 = 14.4 வாட். சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றைச் சூடேற்றி, உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் பாக்ஸுக்குள் போட்டு மூடி வைத்த மாதிரி.

இதில் நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று உண்டு. பிரேக்கர் காப்பாற்றும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். 15 ஆம்பியர் பிரேக்கரின் கண்ணுக்கு ஓடுவது 12 ஆம்பியர்தான், அதன் கணக்கில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. பாக்ஸுக்குள் இணைப்பு கருகிக்கொண்டிருப்பது அதற்குத் தெரியவே தெரியாது.

இதுவரை பார்த்தது: பாக்ஸுக்குள் போதிய இடம் இருந்தால் வயர்கள் மெதுவாக வளையும், இணைப்புகள் இறுக்கமாக நிற்கும், உறை நசுங்காது, எழும் சூடு பரவக் கொஞ்சம் காற்றும் இருக்கும். அந்த இடத்தைக் கணக்கு வைத்துக் காப்பாற்றுவதுதான் விதியின் வேலை.

பாக்ஸின் அளவு எங்கே எழுதியிருக்கும்?

இங்கே எல்லாம் கன அங்குலத்தில். ஒரு கன அங்குலம் என்பது சுமார் 16 மில்லி. ஆக, பரவலாக விற்கும் 18 கன அங்குல பாக்ஸில் தண்ணீர் ஊற்றினால் கிட்டத்தட்ட 300 மில்லி பிடிக்கும், ஒரு பெரிய டம்ளர். பழைய வீடுகளில் அடிக்கடி கண்ணில் படும் 12.5 கன அங்குல இரும்பு பாக்ஸ் 200 மில்லிதான்.

பிளாஸ்டிக் பாக்ஸ் என்றால் வேலை சுலபம், உள்பக்கம் கொள்ளளவை எழுத்தாகவே வார்த்திருப்பார்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். இரும்பு பாக்ஸில் பெரும்பாலும் எழுதியிருக்காது. அளந்து, விதிப் புத்தகத்து அட்டவணையில் பார்க்க வேண்டும். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் நீங்களே பெருக்கிவிடாதீர்கள். 3 × 2 × 2½ அங்குல பாக்ஸைப் பெருக்கினால் 15 வரும், ஆனால் அட்டவணை அதற்குத் தருவது 12.5 மட்டுமே. அதே பாக்ஸ் 3½ அங்குல ஆழத்தில் வந்தால் 18. நான்கு அங்குலச் சதுர பாக்ஸ், 1½ ஆழம் என்றால் 21. 2⅛ ஆழம் என்றால் 30.3. பார்த்தீர்களா, அரை அங்குலச் சொச்சம் ஆழம் கூடினால் இடம் எவ்வளவு கூடுகிறது!

ஒரு வயருக்கு எவ்வளவு இடம்?

வயரின் தடிமனை இங்கே கேஜ் என்ற எண்ணால் சொல்வார்கள், எண் குறைந்தால் வயர் தடிமன். வீட்டில் விளக்குக்கும் பொதுவான பிளக்குகளுக்கும் 14 அல்லது 12 கேஜ். 15 ஆம்பியர் பிரேக்கருக்கு 14 போதும், 20 ஆம்பியர் பிரேக்கர் என்றால் 12 வேண்டும்.

ஒதுக்கீடு இதுதான்: 14 கேஜ் வயர் ஒன்றுக்கு 2 கன அங்குலம், 12 கேஜுக்கு 2.25, 10 கேஜுக்கு 2.5.

14 கேஜ் வயர் ஒரு ஈர்க்குச்சியைவிடக் கொஞ்சம்தான் தடிமன், அதற்கு 2 கன அங்குலமா, இரண்டு மேசைக்கரண்டி இடமா என்று தோன்றும். பாக்ஸுக்குள் இருக்கும் ஆறேழு அங்குல நீளத்தின் உண்மையான பருமன் கன அங்குலத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராது. மிச்சம் எல்லாம் அது வளையவும் நிற்கவும் கொடுத்த காற்று. பந்தியில் ஒரு ஆளுக்கு இலை போட்டால் அந்த ஆளின் உடம்பு அளவுக்கா இடம் விடுகிறோம்? கை நீட்டிச் சாப்பிடவும், பரிமாறுபவர் குனியவும் சேர்த்துத்தானே. இது பிடிபட்டால், 'உள்ளே பாதி காலியாகத்தானே இருக்கிறது' என்ற எண்ணம் போய்விடும். அந்தக் காலி இடம் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டது.

யாருக்கு டிக்கெட், யாருக்கு இல்லை

இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். நம் ஊர் டவுன் பஸ்ஸை நினைத்துக்கொண்டால் மறக்கவே மறக்காது. வெளியிலிருந்து ஏறுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு டிக்கெட். மடியில் இருக்கும் கைக்குழந்தைக்கு டிக்கெட் இல்லை. பெரிய மூட்டைக்கு லக்கேஜ் டிக்கெட். பாக்ஸ் ஃபில்லிலும் இப்படித்தான், எல்லாவற்றையும் டிக்கெட்டாக எண்ணிவிட்டுக் கடைசியில் வயர் அளவால் பெருக்குகிறோம்.

வெளியிலிருந்து பாக்ஸுக்குள் வந்து முடிகிற அல்லது இன்னொன்றோடு சேர்கிற ஒவ்வொரு வயருக்கும் ஒரு டிக்கெட். வெட்டாமல் அப்படியே உள்ளே வந்து வெளியே போகும் வயருக்கும் ஒன்று. எண்ண வேண்டியது கேபிளை அல்ல, அதற்குள் இருக்கும் வயர்களை. கடையில் 14/2 என்று விற்கும் கேபிளில் உறையிட்ட வயர் இரண்டு: கறுப்பு ஒன்று, அது ஹாட், அதாவது மின்சாரம் வரும் வயர், வெள்ளை ஒன்று, அது நியூட்ரல், திரும்பிப் போகும் வயர். இவற்றோடு உறையில்லாத செம்பு ஒன்று, அது கிரவுண்டு, நாம் ஊரில் எர்த் என்போமே அதுதான். பெயரில் 2 என்று இருப்பதால் உள்ளே மொத்தமே இரண்டு வயர்தான் என்று நினைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கிரவுண்டு வயர்களுக்குத் தனிச் சலுகை உண்டு. நான்கு வரை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட், இருப்பதிலேயே தடிமனான கிரவுண்டின் அளவில். ஐந்தாவதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் கால் டிக்கெட் என்று 2020 பதிப்பில் சேர்த்தார்கள்.

கைக்குழந்தை யார் என்றால், பிக்டெயில். பாக்ஸுக்குள்ளேயே தொடங்கி உள்ளேயே முடியும் துண்டு வயர், ஒரு கொத்து இணைப்பிலிருந்து சுவிட்சுக்குப் போவது. அதற்கு டிக்கெட் இல்லை. வயர் நட்டுக்கும் இல்லை.

சுவிட்ச், பிளக் இரண்டும்தான் பெரிய மூட்டை. அவற்றைப் பாக்ஸோடு திருகி நிறுத்தும் உலோகப் பட்டைக்கு யோக் என்று பெயர். ஒரு யோக்குக்கு இரண்டு டிக்கெட், அந்தச் சுவிட்சில் மாட்டியிருக்கும் தடிமனான வயரின் அளவில். கேபிளைப் பிடித்து நிறுத்தும் கிளாம்ப் பாக்ஸுக்கு உள்ளே இருந்தால், எத்தனை இருந்தாலும் மொத்தமாக ஒரு டிக்கெட். பிடிப்பு பாக்ஸுக்கு வெளியே இருந்தால் அதற்குக் கணக்கு இல்லை. உள்ளேயா வெளியேயா என்று சந்தேகம் வந்தால் எண்ணிவிடுங்கள், கூடுதலாக எண்ணியதால் எந்த வீடும் எரிந்ததில்லை.

சுருக்கமாக: உறையிட்ட வயருக்குத் தலைக்கு ஒன்று, கிரவுண்டு நான்கு வரை சேர்த்து ஒன்று, சுவிட்ச் அல்லது பிளக்குக்கு இரண்டு, உள் கிளாம்ப் சேர்த்து ஒன்று. பிக்டெயிலும் வயர் நட்டும் இலவசம்.

நண்பர் வீட்டு பாக்ஸைக் கணக்குப் போடுவோம்

3 × 2 × 2½ இரும்பு பாக்ஸ், கொள்ளளவு 12.5. உள்ளே இரண்டு 14/2 கேபிள்: ஒன்று பேனலிலிருந்து வருவது, இன்னொன்று விளக்குக்குப் போவது. உறையிட்ட வயர் நான்கு, நான்கு டிக்கெட். கிரவுண்டு இரண்டு, சேர்த்து ஒன்று. சுவிட்ச் இரண்டு. உள்ளே இரும்புக் கிளாம்ப் இருந்தது, ஒன்று. ஆக எட்டு. எல்லாம் 14 கேஜ், அதனால் 8 × 2 = 16.

12.5 பிடிக்கும் பாக்ஸில் 16. ஸ்மார்ட் சுவிட்ச் வருவதற்கு முன்பே, சாதா சுவிட்ச் இருந்த காலத்திலேயே, அது நிரம்பி வழிந்துகொண்டுதான் இருந்தது. எந்த வருடம் யார் செய்தது என்று தெரியாது. அந்த அளவு பாக்ஸில் ஒரே ஒரு 14/2 கேபிள் இருந்தால் 2 + 1 + 2 + 1, ஆறு டிக்கெட், 12 கன அங்குலம். அதற்குத்தான் அது சரி. சாதா சுவிட்ச் ஒல்லி என்பதால் இத்தனை வருடம் எப்படியோ ஓடியிருக்கிறது. தடித்த ஸ்மார்ட் சுவிட்சும் அதற்கு வேண்டிய நியூட்ரல் பிக்டெயிலும் போனதும் குட்டு வெளிப்பட்டது.

இன்னொன்று, சமையலறைப் பக்கம் அடிக்கடி வருவது. பிளக் ஒன்று, மூன்று 12/2 கேபிள். உறையிட்டவை ஆறு, கிரவுண்டு ஒன்று, பிளக் இரண்டு, மொத்தம் ஒன்பது. 9 × 2.25 = 20.25. கையில் இருப்பது 18 கன அங்குல பாக்ஸ் என்றால் போதாது. நான்கு அங்குலச் சதுர பாக்ஸ் (21) போதும், ஆனால் அதில் உள் கிளாம்ப் இருந்தால் பத்து டிக்கெட், 22.5, மறுபடியும் போதாது. ஆழமான 30.3 பாக்ஸ் எடுத்துவிட்டால் பேச்சே இல்லை. ஒரு கிளாம்ப் கணக்கையே புரட்டிப்போடுவதால்தான் கண்ணளவில் பார்த்துச் சொல்லாதீர்கள் என்கிறேன்.

கணக்கு பாஸ் ஆனாலும்

விதியில் எனக்கு உடன்பாடில்லாத ஒரு இடம் உண்டு. ஒல்லியான சாதா சுவிட்சுக்கும் இரண்டு டிக்கெட், அதைவிடத் தடித்த ஜிஎஃப்சிஐ பிளக்குக்கும் அதே இரண்டு டிக்கெட். மூன்று 14/2 கேபிள் வந்து நிற்கும் 18 கன அங்குல பிளாஸ்டிக் பாக்ஸ், கணக்குப்படி ஒன்பது டிக்கெட், சரியாக 18.0, பாஸ். அதில் ஒரு ஸ்மார்ட் டிம்மரை மாட்டிப் பாருங்கள், விரல் வலிக்கும். விதி சொல்வது குறைந்தபட்சம், வசதி அல்ல. புதிதாகச் சுவரைத் திறக்கும் வாய்ப்புக் கிடைத்தால் ஒரு அளவு பெரிய பாக்ஸாகவே போடுங்கள், விலை வித்தியாசம் ஒன்றிரண்டு டாலர்தான்.

அடிக்கடி காதில் விழும் குழப்பங்கள்

பாக்ஸ் ஃபில்லையும் பைப் ஃபில்லையும் ஒன்றாக்கிப் பேசுவார்கள். குழாய்க்குள் வயர் இழுப்பதற்கு 40 சதவீதம் என்று ஒரு கணக்கு உண்டு, அது வயரின் குறுக்குப் பரப்பை வைத்து. பாக்ஸுக்குச் சதவீதமே கிடையாது, டிக்கெட் எண்ணிக்கைதான்.

ஆம்பியரை வைத்துப் பாக்ஸ் தேர்ந்தெடுப்பதும் தவறு. எத்தனை ஆம்பியர் ஓடினாலும் கணக்குக்குத் தேவை வயரின் கேஜும் எண்ணிக்கையும் மட்டுமே.

இடம் போதவில்லை என்று வயரைக் கட்டையாக வெட்டிவிடுவதும் நடக்கிறது. கேபிளின் வெளியுறையிலிருந்து வெளிவரும் இடம் தொடங்கி குறைந்தது 6 அங்குல வயர் இருக்க வேண்டும் என்று அதே புத்தகத்தில் தனி விதி உண்டு. வெட்டினால் டிக்கெட் எண்ணிக்கை குறையப்போவதும் இல்லை. அடுத்த முறை திறப்பவருக்குப் பிடிக்க வயர் இல்லாமல் போகும், அவ்வளவுதான்.

அப்புறம், இந்த எண்களைக் கனடாவுக்கோ ஊருக்கோ எடுத்துப் போகாதீர்கள். டொராண்டோவில் இருப்பவர்களுக்கு விதிப் புத்தகமே வேறு, அங்கே மில்லி கணக்கு, இங்கே இலவசமாகப் போகும் வயர் நட்டுகூட அங்கே கணக்கில் வரும். நம் ஊரிலோ சுவருக்குள் பைப் புதைத்துத் தனித்தனி வயராக இழுக்கும் முறை, மின்னழுத்தமும் 230 வோல்ட்.

போதவில்லை என்றால் என்ன செய்வது?

மூன்று வழி உண்டு. ஒன்று, பாக்ஸுக்கு முன்னால் ஒரு எக்ஸ்டென்ஷன் ரிங் மாட்டி ஆழத்தைக் கூட்டுவது. அதில் எழுதியிருக்கும் கொள்ளளவை மொத்தத்தில் சேர்த்துக்கொள்ளலாம். சுவரை உடைக்க வேண்டியதில்லை, ஆனால் சுவிட்ச் சுவரை விட்டு முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு, ஒரு கேபிளை இந்தப் பாக்ஸை விட்டு வேறு பாக்ஸுக்குத் திருப்புவது. அந்தப் பாக்ஸும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், சுவருக்குள் மூடிப் பூசிவிடக் கூடாது. மூன்று, பாக்ஸையே மாற்றுவது. பழைய சுவரை அதிகம் உடைக்காமல் பொருத்துகிற பாக்ஸ்கள் கடையில் கிடைக்கின்றன.

எதைச் செய்தாலும் முதலில் பிரேக்கரை அணைத்து, டெஸ்டரை ஒரு உயிருள்ள பிளக்கில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் பாக்ஸில் வையுங்கள். ஒரே பாக்ஸுக்குள் இரண்டு பிரேக்கர்களின் வயர் வந்திருப்பதும் உண்டு, ஒவ்வொரு வயரையும் டெஸ்டரால் தொட்டுப் பாருங்கள். உறைக்குள் வெள்ளி நிறத்தில் கம்பி தெரிந்தால், 1960களின் நடுவிலிருந்து 70களின் தொடக்கம் வரை கட்டிய வீடுகளில் அது அலுமினியமாக இருக்கலாம், கையை எடுத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அங்கே காசு பார்க்க வேண்டாம்.

நண்பர் வீட்டில் மூன்றாவது வழியைத்தான் எடுத்தோம். பழைய பாக்ஸை மரத்தூணோடு பிடித்திருந்த இரண்டு ஆணிகளை அறுத்து எடுத்துவிட்டு, 3½ அங்குல ஆழ இரும்பு பாக்ஸைப் பொருத்தினோம். தேவை 16, இருப்பது 18. நசுங்கிய இடத்தை வெட்டி எறிந்த பிறகும் அந்த வெள்ளை வயர் 6 அங்குலத்துக்கு மேல் மிச்சம் இருந்தது, நல்லவேளை. கிரவுண்டை முதலில் மடித்துப் பாக்ஸின் முதுகோடு படுக்க வைத்தார், அதற்கு மேல் வெள்ளைகள், அதற்கு மேல் கறுப்பு, புடவை மடிப்பது மாதிரி முன்னும் பின்னுமாக. சுவிட்சை வைத்து விரலால் லேசாகத் தள்ளினார். சுவரோடு போய் உட்கார்ந்துகொண்டது. ஸ்க்ரூவை விரலாலேயே முக்கால்வாசி திருகிவிட்டு, கடைசிச் சுற்றுக்குத்தான் ஸ்க்ரூ டிரைவரைக் கேட்டார்.